நோட் ஜேஎஸ் சர்வரில் ஒரு பட மாடலை ஓட்டுவது எப்படி?

மாடலுக்குப் பைத்தானில் பயிற்சி கொடுத்திருந்தாலும் சர்வரையும் பைத்தானில் எழுதியாக வேண்டும் என்றில்லை. எந்த மொழியிலிருந்தும் ஓட்டக்கூடிய பொது வடிவமான ஓஎன்என்எக்ஸ் கோப்பாக மாடலை மாற்றிவிட்டால் நோட் ஜேஎஸ்ஸே அதை ஓட்டும். படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் ரெஸ்நெட்-50 மாடலை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: அந்தக் கோப்பை ஓட்டும் ஓஎன்என்எக்ஸ் ரன்டைமின் நோட் பதிப்பு, படங்களைக் கையாளும் ஷார்ப் இரண்டையும் என்பிஎம்மில் நிறுவுங்கள்.

இரண்டாம் படி: சர்வர் தொடங்கும்போதே மாடலை ஏற்றி, அதில் கிடைக்கும் செஷனை (ஓடத் தயாராக இருக்கும் மாடலை) ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு ஏறத்தாழ 100 எம்பி. இதை ரிக்வெஸ்ட்டுக்கு ஒருமுறை ஏற்றினால் சர்வர் திணறிவிடும். செஷனின் உள்ளீட்டுப் பெயரையும் அச்சிட்டுப் பாருங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாம் படியில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். ஷார்ப்பிடம் படத்தை 224க்கு 224 ஆகச் சுருக்கி, ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் ஆல்ஃபா சானலை நீக்கி, வெறும் பைட்டுகளாகக் கேளுங்கள். 1,50,528 எண்கள் வரும். அவை சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு என்று பிக்சல் பிக்சலாகக் கலந்திருக்கும். மாடலுக்கோ முதலில் சிவப்பு 50,176, அடுத்து பச்சை, கடைசியில் நீலம் என்று தனித்தனியாக வேண்டும். எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் கலந்தபடியே கொடுத்தாலும் எந்த எரரும் வராது. விடை மட்டும் தப்பாக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

ஒரு லூப் போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொரு எண்ணையும் 255ஆல் வகுத்து, சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். சராசரி, திட்ட விலக்கம் என்ற வரிசையில் சிவப்புக்கு 0.485, 0.229, பச்சைக்கு 0.456, 0.224, நீலத்துக்கு 0.406, 0.225. விடையை ஃப்ளோட்32 அரேயில் போடுங்கள்.

அப்புறம் எளிது. அந்த அரேயை 1, 3, 224, 224 என்ற வடிவத்தில் டென்சராக்கி (மாடல் ஏற்கும் பல பரிமாண எண் அடுக்கு), முன்பு அச்சிட்டுப் பார்த்த உள்ளீட்டுப் பெயரில் செஷனின் ரன்னுக்குக் கொடுங்கள். 1000 எண்கள் திரும்பும். பெரியது எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் விடை. அந்த இடத்துக்கு உரிய பெயரைச் சொல்லும் பட்டியல் தனிக் கோப்பாக வேண்டும். சதவீதம் காட்ட நினைத்தால், எண்களை நிகழ்தகவுகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் போடுங்கள்.

சரிதானா என்று பார்க்க, அதே படத்தைப் பைத்தானிலும் ஓட்டி முதல் ஐந்து எண்களை ஒப்பிடுங்கள். படத்தைச் சுருக்கும் முறை சற்று மாறுவதால் அச்சு அசலாக ஒத்துப்போகாது, ஆனால் பக்கத்தில் இருக்கும்.

அந்த லூப் ஓடும் நேரம் மற்ற ரிக்வெஸ்ட்டுகள் காத்திருக்கும். கூட்டம் அதிகமானால் லூப்பையும் மாடலை ஓட்டுவதையும் சேர்த்து, தனியாக இணையாக ஓடும் வொர்க்கர் த்ரெட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வொர்க்கரும் தனியாக மாடலை ஏற்றும் என்பதால் நினைவகத்தைப் பார்த்து எண்ணிக்கையை வையுங்கள்.