பாம்புப் பெட்டியில் மைட் வந்துவிட்டதா? கண்டுபிடிப்பதும் ஒழிப்பதும்

வெள்ளை டிஷ்யூ பேப்பர் ஒன்றை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். அதை உள்ளங்கையில் குழாய் போல மடித்து, பாம்பு அதன் வழியாகத் தானாக ஊர்ந்து போகும்படி விடுங்கள். வால் வெளியே வந்ததும் விரித்துப் பாருங்கள். கசகசா அளவில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா? அது நகர்கிறதா? நகத்தால் நசுக்கினால் சிவப்பாக இழுத்துக்கொண்டு வருகிறதா? அப்படியென்றால் மைட்தான், அதாவது பாம்பின் ரத்தம் குடித்து வாழும் பொடி ஒட்டுண்ணி. அந்தச் சிவப்பு உங்கள் பாம்பின் ரத்தம்.

இந்த அரை நிமிட சோதனை தெரியாமல் நான் மூன்று வாரத்தை வீணாக்கினேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. ஒரு பால் பைத்தான் (ball python, வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வதால் அதற்குப் பணியாரம் என்று பெயர். ஒரு ஐப்பசி மாதம், அடைமழை நேரத்தில், அது தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வர மறுத்தது. சட்டை உரிக்கப் போகிறது போல என்று நினைத்து விட்டுவிட்டேன். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி ஏதோ கிடந்தது. பெட்டியில் விரித்திருந்த தேங்காய் நார்த்தூள் விழுந்திருக்கும் என்று கழுவி வைத்தேன். அது தூள் இல்லை, மூழ்கிச் செத்த மைட்கள்.

வந்த வழி பிறகுதான் புரிந்தது. பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை மலிவாக வாங்கி, வெறும் தண்ணீரில் அலசிப் பயன்படுத்தியிருந்தேன்.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் குற்றம். பால் பைத்தான் போல, சைட்டஸ் (CITES) என்ற சர்வதேச உயிரின வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

எங்கே தேடுவது

கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, தாடைக்கு அடியில் இருக்கும் பள்ளம், கழிவுத்துளையின் ஓரம், இந்த மூன்றும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். பால் பைத்தானுக்கு உதட்டோரம் வெப்பம் உணரும் குழிகள் உண்டு, அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் செதில் ஒன்று லேசாகத் தூக்கி நிற்பது தெரியும். உடம்பில் வெள்ளைத் தூசு தூவியது போல இருந்தால் அது மைட்டின் எச்சம்.

நாய் உண்ணியைத் தேடுவது போலத் தேடாதீர்கள். அது பெரியது. பாம்பு மைட்டில் வளர்ந்த பெண்ணே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். இதன் அறிவியல் பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ்.

இன்னொரு குழப்பமும் வரும். ஈரமான நார்த்தூளில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ மெதுவாக ஊரும் பூச்சிகள் இருக்கலாம். தொட்டால் துள்ளிக் குதிப்பவையும் இருக்கலாம். அவை மட்கிய பொருளையும் பூஞ்சையையும் தின்று வாழ்பவை, பாம்பை ஒன்றும் செய்யாது. பாம்பின் மேல் ஊர்ந்தால் மட்டுமே கவலைப்படுங்கள்.

எதிரியின் கணக்கு

இதைத் தெரிந்துகொண்டால்தான் பாக்கி வேலை புரியும். பாம்பின் மேல் நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் ஒரு பங்கு. ரத்தம் குடித்து முடித்த பெண் மைட் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான, ஈரமான இடுக்கு தேடிப் போய் முட்டையிடும். பெரும்பாலும் மேல்நோக்கி ஏறும். அதனால் மூடியின் விளிம்பையும் மேல் மூலைகளையும் மறக்காதீர்கள். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். அவை 1 முதல் 4 நாளில் பொரியும். முட்டை முதல் முழு வளர்ச்சி வரை 25 டிகிரியில் 13 முதல் 19 நாள் ஆகும். 30 டிகிரியில் 7 முதல் 16 நாளே போதும்.

நம் ஊர் அறையில் 30 டிகிரி என்பது சர்வசாதாரணம். கடற்காற்றின் ஈரம் வேறு. புதுச்சேரியோ கடலூரோ, நாம் ஒன்றும் செய்யாமலே மைட்டுக்குச் சொகுசு விடுதி நடத்திக்கொண்டிருக்கிறோம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய அட்டவணையை அப்படியே பின்பற்றினால் நாம் பின்தங்கிவிடுவோம்.

முதல் நாள் வேலை

மூடி பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். பாம்பு தாராளமாகச் சுருண்டு படுக்கும் அளவு இருக்கட்டும். பக்கவாட்டில் சால்டரிங் அயர்னால் காற்றுத் துளைகள் போடுங்கள். உள்ளே வெள்ளைப் பேப்பர் விரிப்பு, ஒரு கிண்ணம், தலைகீழாகக் கவிழ்த்து வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி. இவ்வளவுதான் தற்காலிக வீடு.

அதற்குள் விடுவதற்கு முன் குளியல். வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், உடம்பு மூழ்கித் தலை வெளியே இருக்கும் அளவு. கூடவே உட்கார்ந்திருங்கள், 20 நிமிடம் போதும். நிறைய மைட் மூழ்கிச் சாகும். கெட்டிக்காரர்கள் தலைக்கு ஏறிவிடுவார்கள். ஈரமான காட்டன் பட்ஸால் கண்ணோரத்தையும் தாடையையும் மெதுவாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குளியல் பாம்புக்கு நிம்மதி தரும், ஆனால் அதனால் மட்டும் மைட் ஒழியாது.

இனி பழைய தொட்டி. நார்த்தூள், மரக்கட்டை, காய்ந்த இலை எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அழகான மரக்கட்டை என்று மனம் அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. அதன் வெடிப்புகளில்தான் முட்டை இருக்கும். பீங்கான் கிண்ணம், கெட்டியான பிளாஸ்டிக் பொருள்களுக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாம். கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். அதற்குச் சூடான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும். சிலிகான் ஒட்டிய மூலைகள், கதவு ஓடும் பள்ளம், வயர் நுழையும் ஓட்டை என்று ஒன்று விடாமல் தேயுங்கள். பிறகு மொட்டை மாடி வெயிலில் காலித் தொட்டியைக் காயவிடுங்கள். காலித் தொட்டியை மட்டும். பாம்பை வெயிலில் வைத்தால் செத்துவிடும்.

தொட்டி நின்ற அலமாரியையும் பின்சுவரையும் துடைக்க வேண்டும். மைட் வெளியே நடக்கும், பக்கத்துத் தொட்டிக்குப் போகும். என் மணிக்கட்டில் இரண்டு நாள் அரித்த சிவப்புத் தடிப்புக்கும் அதுதான் காரணம்.

மருந்து

இதை டாக்டரிடம் விடுங்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் பாம்பு பார்ப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். பொதுவாகப் பேசப்படுவது இரண்டு மருந்து. நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயைத் துணியில் நனைத்துக் காலித் தொட்டியைத் துடைத்து, முழுவதும் காய்ந்து வாடை போன பிறகே பாம்பை விட வேண்டும். பாம்பின் மேல் நீங்களாக அடிக்காதீர்கள். இன்னொன்று ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து. எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். வீட்டில் ஆமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும்.

குட்டிப் பாம்பு, சோர்ந்து கிடக்கும் பாம்பு, வாய் உள்ளே வெளுத்த பாம்பு என்றால் காத்திருக்காமல் ஓடுங்கள். ரத்தசோகை வந்திருக்கலாம்.

கரப்பான் ஸ்பிரே, மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். “சாம்பிராணி போடட்டுமாடா?” என்று அம்மா தூபக்காலோடு வந்து நின்றார். பாம்பின் மூச்சுக்குப் புகை ஆகாதும்மா என்று சொல்லிச் சமாளித்து அனுப்பினேன்.

காலண்டர்

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். ஒரு வாரத்தில் மைட் கண்ணில் படாது. ஜெயித்துவிட்டோம் என்று பழைய அலங்காரத்தை எல்லாம் திரும்ப வைப்பார்கள். மூன்றாம் வாரம் மறுபடி கிண்ணத்தில் மிளகுத்தூள்.

தினக் காலண்டரில் குறித்து வையுங்கள். முதல் 3 வாரம், 3 நாளுக்கு ஒருமுறை: பேப்பரை மாற்றுவது, டப்பாவைச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவுவது, அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதிது வைப்பது, டிஷ்யூ சோதனை. அப்புறம் வாரம் ஒருமுறை. கடைசியாக மைட் பார்த்த நாளிலிருந்து 6 வாரம் இப்படியே ஓட வேண்டும். வளர்ந்த மைட் 40 நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால்தான் இந்தக் கணக்கு. நான்காவது வாரம் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. தை பிறந்த பிறகுதான் பணியாரம் தன் தொட்டிக்குத் திரும்பியது.

வேலை முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்து வாங்கும் பாம்பு முதல் 2 மாதம் அதில்தான், வேறு அறையில், வெள்ளைப் பேப்பர் மேல் இருக்க வேண்டும். பழைய பாம்புக்குச் செய்ய வேண்டியதை முதலில் முடித்து, புதியதைக் கடைசியில் தொடுங்கள். பிறகு கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.