‘நான்’ கரையும் ஜெபம்: தொடங்குகிறவர்களுக்கு

அச்சுப்படி திருத்துவது என் தொழில். யூத ஞான மரபில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியதும் எழுத்துதான். எபிரேயத்தில் ‘அனி’ என்றால் நான். ‘அயின்’ என்றால் இன்மை. இரண்டிலும் இருப்பவை அலெஃப், நூன், யோத் என்ற அதே மூன்று எழுத்துகள். கடைசி இரண்டும் இடம் மாறினால் ‘நான்’ இன்மையாகிவிடுகிறது. நான் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். யூத வழிபாட்டைச் செய்வதாகச் சொல்லமாட்டேன். ஆனால் பைபிளின் சங்கீதங்கள் கிறிஸ்தவர்களான நமக்கும் உரியவை. அவற்றை வைத்து நான் பழகிய வழி இது.

ஜெபத்துக்கு முன் சும்மா உட்காருங்கள். முற்காலத்துப் பக்தர்கள் ஜெபிக்குமுன் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. நமக்குப் பத்து நிமிடம் போதும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதைதான். முதல் ரயிலுக்கு முன்பே எழுந்து, கைபேசியைச் சமையலறையில் விட்டுவிட்டு, பால்கனிக்கு வந்துவிடுவேன்.

பிறகு ஒரே வசனம்: “ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்.” யூதர்கள் தங்கள் பிரதான ஜெபமான அமிதாவை இந்தச் சங்கீத வரியோடுதான் தொடங்குகிறார்கள். ஹசீதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தின் குரு, 1772இல் மறைந்த மெஸெரிச் ஊர் தோவ் பேர், ஜெபிப்பவர் தம்மை ஷோஃபார் என்னும் கொம்பாக எண்ண வேண்டும் என்று கற்பித்தார். ஊதுகிறவருடைய மூச்சு இல்லாமல் கொம்புக்கு ஓசை ஏது? ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக, வாய்விட்டு, மெதுவாகச் சொல்லுங்கள். ‘உதடுகளை’ என்னும்போது உதடு அசைவதைக் கவனியுங்கள். அந்த அசைவும் கொடுக்கப்பட்டதே என்று அறிந்து அடுத்த சொல்லுக்குப் போங்கள். ‘இன்று நன்றாக ஜெபிக்கிறேன்’ என்று உள்ளே ஒரு குரல் எழும். என் அனுபவத்தில் கரைவதற்கு மிகவும் கடினமான ‘நான்’ அதுதான். அதைக் கடிந்துகொள்ளாமல் வசனத்தை முதலிலிருந்து தொடங்குங்கள்.

கவலைகள் வரும். அம்மா மருத்துவமனையில் இருந்த மாதம் முழுவதும், மூன்றாவது சொல்லுக்குள் அவருடைய கையில் ஏறியிருந்த சேலைன் குழாய் கண்முன் வந்துவிடும். சிதறும் எண்ணத்தை அதன் மூலத்துக்கே உயர்த்தலாம் என்பது ஹசீதியப் போதனை. ஆனால் 1796இல் வெளியான ‘தான்யா’ என்னும் நூலில் தோவ் பேரின் சீடர் ஷ்னேயுர் ஸல்மான், சாதாரண மனிதர் அதற்கு முயல வேண்டாம் என்கிறார். ஜெபிக்கும்போது எதிரே ஒருவன் நின்று பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வோம்? செவிடரைப்போல் பதில் சொல்லாமல், இன்னும் ஊன்றி ஜெபிப்போம். எண்ணத்திடமும் அப்படியே இருக்கச் சொல்கிறார். எனக்குக் கைகொடுத்தது இந்த அறிவுரைதான்.

அம்மாவின் கவலைக்கு இடமே இல்லையா? உண்டு. இன்னொரு ஹசீதிய குருவான பிரெஸ்லவ் ஊர் நாக்மான் தினமும் தனித்திருந்து, சொந்தப் பேச்சுமொழியில் கடவுளிடம் மனம்விட்டுப் பேசச் சொன்னார். வசனம் முடிந்தபின் தமிழில், அம்மம்மாவிடம் பேசிய அதே பேச்சில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அழுகை வந்தால் அழுவேன்.

எழும்போது அவசரம் வேண்டாம். பாதம் தரையில் படுவதை உணர்ந்து எழுங்கள். ‘நான்’ திரும்பி வரும். வரட்டும், அன்றைய வேலைக்கு அது வேண்டும். அதற்குள் முதல் ரயில் போயிருக்கும். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, நேற்று நிறுத்திய பக்கத்தை எடுக்கிறேன்.