ஆபீஸ், பொதுவேலைன்னே ஓடுன துணையைப் பத்தி எழுதி வைக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது

புருஷனோ பொண்டாட்டியோ போனதுக்கப்புறம் அவங்களைப் பத்தி எழுதி வைக்கணும்னு நிறைய பேருக்குத் தோணும், உக்காந்தா நாலு வரிக்கு மேல வராது. நல்ல மனுஷன், எல்லாருக்கும் உதவுவார், கடைசி வரைக்கும் உழைச்சார். இது யாருக்கு வேணா பொருந்தும். ஏன் வரமாட்டேங்குதுன்னா அவங்க செஞ்சதுல முக்கால்வாசி நம்ம கண்ணு முன்னாடி நடக்கவே இல்ல. காலையில கிளம்புனது தெரியும், ராத்திரி களைச்சு வந்தது தெரியும், நடுவுல நடந்ததைத் தெரிஞ்சவங்க எல்லாம் வெளியில இருக்காங்க. அதனால இது எழுதுற வேலையை விட கேட்டு வாங்குற வேலைதான். என் வீட்டுக்காரர் போனப்புறம் நான் செஞ்சதை வெச்சு சொல்றேன்.

முதல்ல போனைப் பாருங்க, மத்தது எல்லாம் காத்திருக்கும், போன் காத்திருக்காது. வாட்ஸ்அப் 120 நாள் யாரும் யூஸ் பண்ணலைன்னா அக்கவுன்ட்டை எடுத்துடுவாங்க, கூகுள்ல 2 வருஷம் யாரும் உள்ள போகலைன்னா மெயில், போட்டோ எல்லாத்தையுமே அழிக்கலாம்னு ரூல் இருக்கு. பொதுவேலை பார்த்தவங்களோட பாதி சரித்திரம் இப்ப வாட்ஸ்அப் குரூப்லதான் இருக்கு, அதனால முக்கியமான சாட்டை எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி வேற இடத்துல வைங்க, வாய்ஸ் மெசேஜையும் சேர்த்து. சிம்மை அவசரப்பட்டு சரண்டர் பண்ணாதீங்க, எல்லா அக்கவுன்ட்டுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், விட்டா கொஞ்ச நாள்ல நம்பர் வேற ஆளுக்குப் போயிடும். பேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமா மாத்தச் சொல்லிக் கேக்கலாம், ஆனா மாத்தினப்புறம் பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் உள்ள போக முடியாது, அதனால எடுக்க வேண்டிய போட்டோவை முன்னாடியே எடுத்துக்கோங்க.

அடுத்தது பேப்பர். பீரோவுல இருக்கிற பழைய பைலை யாராவது "குப்பை"ன்னு சொல்லி எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க புரட்டிப் பாத்துடுங்க. சர்டிபிகேட், ஷீல்டு, பொன்னாடை போட்ட போட்டோ இதையெல்லாம் எல்லாரும் பத்திரமா வெச்சிருப்பாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, மேடையில எல்லாரும் ஒரே மாதிரிதான் நிப்பாங்க. மீட்டிங் நோட்டு, மனு எழுதின டிராப்ட், செலவுக் கணக்கு, டைரி, இதுலதான் ஆள் இருப்பாங்க. எங்க வீட்டுல ஒரு பழைய போன் நம்பர் டைரி இருந்துச்சு, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஓ நெகட்டிவ், பி பாசிட்டிவ்னு எழுதி அதுக்குக் கீழ சிவப்பு மையில ஒரு தேதி, சில பேருக்கு அந்தத் தேதியை அடிச்சு அடிச்சு மூணு நாலு தரம் மாத்தி எழுதியிருந்தாரு. அவர்கூட ரத்ததான வேலை பார்த்தவர்கிட்ட காமிச்சப்பதான் தெரிஞ்சது, அது அந்த ஆள் கடைசியா ரத்தம் குடுத்த தேதி, நாள் கணக்கு முடியாம ஒருத்தரை மறுபடி கூப்பிட்டுடக்கூடாதுன்னு குறிச்சு வெச்சதாம். சேவை மனப்பான்மை உள்ளவர்னு பத்துப் பக்கம் எழுதுறதை விட அந்த ஒரு பக்கத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டா போதும்.

ஸ்கேன் பண்றப்ப டிபிஐன்னு ஒரு செட்டிங் இருக்கும், படம் எவ்வளவு தெளிவா வரணும்ங்கிற அளவு அது, பேப்பருக்கு 300, சின்ன போட்டோவுக்கு 600 வைங்க. லேமினேட் பண்ணாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. செலோ டேப் கொஞ்ச வருஷத்துல மஞ்சளா கறை புடிக்கும், பில்லு ரசீது மாதிரி தெர்மல் பேப்பர்ல இருக்கிறது தானாவே மங்கிடும், அதை முதல்ல போட்டோ எடுத்துடுங்க. போட்டோ பின்னாடி பேர் எழுதணும்னா பால்பாயின்ட் வேணாம், அழுத்தாம பென்சில்ல எழுதுங்க.

இப்ப ஆளுங்ககிட்ட பேசுறது. வயசானவங்ககிட்ட முதல்ல போங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல. "அவரைப் பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா இரங்கல் கூட்டத்துல பேசுன மாதிரியே பேசுவாங்க. "காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவாரு", "எதுக்கு கோபம் வரும்", "எந்த வேலையில தோத்துப் போனாங்க", "உங்களுக்கும் அவருக்கும் எதுல சண்டை வந்துச்சு" இப்படி கேளுங்க, அப்பதான் சரக்கு வெளிய வரும். கையில ஒரு குரூப் போட்டோ கொண்டு போனா இன்னும் நல்லது, இது யாரு அது யாருன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் போறதே தெரியாது. போன்ல ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேட்டுட்டு ஆன் பண்ணுங்க, பேன் சத்தம், டிவி சத்தம் இல்லாத ரூமா இருக்கட்டும், ஆரம்பத்துல அவங்க பேரையும் தேதியையும் நீங்களே சொல்லிடுங்க. அவங்க பேச்சை நிறுத்தினா உடனே அடுத்த கேள்வியைப் போடாதீங்க, கொஞ்சம் சும்மா இருந்தா அவங்களே அடுத்ததை சொல்லுவாங்க.

ஒரே மூச்சுல செய்யணும்னு இல்ல. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட்னு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் 1999ல எழுதினாங்க, துக்கத்துல இருக்கிறவங்க இழப்பு பக்கமும் அன்றாட வாழ்க்கை பக்கமும் மாறி மாறிப் போய் வர்றதுதான் இயல்புன்னு. அதனால டைரியைத் திறந்து முடியலைன்னா மூடி வெச்சுட்டு துணி மடிக்கப் போங்க, தப்பே இல்ல.

எழுதும்போது பொறந்ததுல இருந்து வரிசையா எழுதாதீங்க, அது பயோடேட்டா. அவங்களோட சாதாரணமான ஒரு நாளை எடுத்துக்கோங்க, அப்புறம் அவங்க எடுத்துப் போராடுன ஒரு பிரச்சனை, யார்கிட்ட போனாங்க, எத்தனை தடவை அலைஞ்சாங்க, முடிஞ்சுதா முடியலையா. வீட்டுப் பக்கத்து கணக்கையும் எழுதுங்க. ஊருக்கு ஓடுனப்ப புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புனது யாரு, காய்ச்சல் வந்தப்ப தனியா உக்காந்திருந்தது யாரு. அதை விட்டுட்டா அவங்க சேவையில உங்க பங்கு இல்லாத மாதிரி ஆயிடும், படிக்கிறவங்களுக்கும் நம்பிக்கை வராது.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. அவங்ககிட்ட உதவி வாங்கினவங்க பேரை அவங்க சம்மதம் இல்லாம போடக்கூடாது, பீஸ் கட்ட உதவுனது, நோய்க்கு உதவுனது, குடும்பத் தகராறைத் தீர்த்து வெச்சது எல்லாம் அவங்க நம்பி சொன்ன விஷயம். ஆபீஸ் ரகசியக் கடுதாசி ஏதாவது வீட்டுல கிடந்தாலும் அதே கதைதான். விக்கிபீடியாவுல கட்டுரை போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, சொந்தக்காரங்களே எழுதுறதை அங்க விரும்ப மாட்டாங்க, சம்பந்தமில்லாத பத்திரிகையோ புத்தகமோ அவங்களைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும்னும் எதிர்பார்ப்பாங்க, அதனால அந்தப் பக்கம் போக வேணாம்.

எழுதி முடிச்சதும் அச்சுக்குக் குடுக்காம ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணை வேலையில கூட இருந்தவங்களுக்கும் ஒண்ணை பொதுவேலையில கூட இருந்தவங்களுக்கும் குடுங்க, தேதி, பேர், யார் முதல்ல ஆரம்பிச்சாங்கன்ற விஷயத்துல எல்லாம் கண்டிப்பா திருத்தம் வரும். ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா எது சரின்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, இவர் இப்படி சொல்றார், அவர் அப்படி சொல்றார்னு ரெண்டையும் போட்டுடுங்க. ஆடியோ, ஸ்கேன் எல்லாத்தையும் மூணு காப்பி, ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வேற வீட்டுல இருக்கிற புள்ளைங்ககிட்டயோ கிளவுட்லயோ. பைலுக்குப் பேர் வைக்கிறப்ப வருஷம், ஆள், விஷயம்னு வைங்க, ஐஎம்ஜி 4471னு இருந்தா உங்களுக்கே அடுத்த வருஷம் தெரியாது.