பர்வதமலை ஏற வருகிறீர்களா? ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்களின் திட்டம் எனக்கு மனப்பாடம். வந்து இறங்கிய மறுநாள் ஆஸ்பத்திரியில் முழு உடல் பரிசோதனை, அதற்கடுத்த நாள் ஆரணியில் பட்டுப்புடவை, சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்கு நடுவில், "காலையில பர்வதமலை ஏறிட்டு மதியத்துக்குள்ள வந்துடலாமா மாமா?" என்று கேட்பார்கள். முடியாது. ஏற மட்டும் நான்கைந்து மணி நேரம் ஆகும். விமானக் களைப்பும் தூக்கக் கலக்கமும் தீராமல் அந்தப் பாறையில் கால் வைக்கவே கூடாது. வந்து நான்கைந்து நாள் வெயிலில் பழகிய பிறகு போங்கள்.

ஜவ்வாது மலையை ஒட்டி, சுமார் 4,500 அடி உயரத்தில் நிற்கிறது இந்த மலை. உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும். இன்று இது திருவண்ணாமலை மாவட்டம். 1989இல் பிரிக்கும் வரை வட ஆற்காடுதான். எங்கள் பெரியவர்கள் வாயில் இன்றும் அதே பெயர். சங்க இலக்கியமான மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுதான் என்பார்கள். நன்னன் என்ற குறுநில மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு அது: பாம்பைப் பார்த்துப் போ, வழுக்கும் பாறையில் பிடித்து நட, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் படாமல் ஒதுங்கு என்று ஒவ்வொன்றாய்ச் சொல்கிறது. கவண்கல் இப்போது இல்லை. வழுக்கல் அப்படியே இருக்கிறது.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் போளூரில் இறங்குங்கள். காட்பாடியிலிருந்து ரயிலிலும் போளூர் வரலாம். அங்கிருந்து அடிவாரத்துக்கு இரண்டு வழி: ஒன்று கடலாடி, இன்னொன்று தென்மகாதேவமங்கலம். முதல் தடவை வருகிறவர்களைத் தென்மகாதேவமங்கலம் பக்கம்தான் நான் அழைத்துப் போவேன். பாதி தூரம் வரை படிக்கட்டு இருக்கிறது, ஆள் நடமாட்டமும் அதிகம். ஏறும் நேரத்தையும் இரவில் அனுமதி உண்டா என்பதையும் முந்தின நாளே உள்ளூர்க்காரர் ஒருவரை விட்டுக் கேட்டு வையுங்கள்; வனத்துறையின் கட்டுப்பாடு காலத்துக்குக் காலம் மாறும்.

படிக்கட்டு முடிந்ததும் கரடுமுரடான கல்பாதை. அப்புறம் கடப்பாறை நெட்டு. செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, பக்கத்தில் சங்கிலி விட்டிருக்கிறார்கள். எத்தனையோ கைகள் பிடித்து அந்தச் சங்கிலி வழவழவென்று ஆகியிருக்கும். வியர்த்த கை அதில் நழுவும். ஒரு சின்னத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் கையைத் துடையுங்கள். முன்னே போகிறவர் இரண்டு பிடி தாண்டிய பிறகே நீங்கள் கால் வையுங்கள். பயமாக இருந்தால் இரும்பு ஏணிப்படிகள் இருக்கின்றன, அதில் ஏறுவதில் வெட்கமே வேண்டாம். கீழே பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளை வம்புக்கு இழுக்காதீர்கள்.

பெரும்பாலானவர்கள் அடிபடுவது இறங்கும்போதுதான். லண்டனில் வளர்ந்த என் அக்கா மகன், வாரம் மூன்று நாள் ஓடுகிறவன், ஏறும்போது எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றான். இறங்கும்போது மணல் படிந்த ஒரு சரிவில் அவனுடைய தேய்ந்த ஓட்டக் காலணி வழுக்கி, முழங்கால் கல்லில் மோதியது. மீதி வழியைக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது, இரண்டு பக்கமும் நாங்கள் தோள் கொடுத்தோம். அடியில் நல்ல பிடிப்புள்ள காலணி போடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி முடிக்கிற மாதிரி புறப்படுங்கள், அதாவது விடியும் முன் அடிவாரத்தில் இருங்கள்.

ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள். பள்ளி விடுமுறை என்று மே மாதம் வந்தால், அக்கினி நட்சத்திரத்தில் பத்து மணிக்கே பாறை சுடும். பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். பெருக்கெடுத்த ஓடையைக் கடக்கப் பார்க்காதீர்கள், வடியும் வரை உட்காருங்கள். பௌர்ணமியன்று கூட்டம் நெருக்கும், சங்கிலியில் வரிசை நிற்கும். சாமி கும்பிட அந்த நாள்தான் வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் வேறு நாள் பாருங்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மருந்துக் கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம், டார்ச், பத்து இருபது ரூபாய் நோட்டுகள். வழியில் மோரும் வெள்ளரிக்காயும் விற்பார்கள், வெளிநாட்டு அட்டை அங்கே உதவாது. கையில் பை தொங்கினால் குரங்கு பிடுங்கிவிடும், முதுகில் மாட்டுங்கள். நாய் ஒன்று கூடவே ஏறி வரும், பைரவரே வழி காட்டுகிறார் என்பது இங்குள்ள நம்பிக்கை. பிஸ்கட் போடுங்கள், தடவிக் கொடுக்க வேண்டாம்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். மேற்கே ஜவ்வாது மலை மடிப்பு மடிப்பாக விரியும். கீழே சேயாற்றுப் பக்கத்து வயல்கள். அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது அதற்குத்தானே.

மறுநாள் தொடை இரண்டும் பிடித்துக்கொள்ளும். தரையில் இலை போட்டு விருந்து வைக்கும் வீடு ஏதாவது இருந்தால், அத்தையிடம் சொல்லி ஒரு நாள் தள்ளி வையுங்கள்.