தீக்குப் பின் துளிர்க்கும் சவன்னா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமலையிலும் மசினகுடிச் சரிவுகளிலும் மாசி, பங்குனி மாதங்களில் தீ ஓடிய நிலத்தைப் பார்ப்பவர்கள், கரிந்த தூர்களையும் இலையற்ற மரங்களையும் கண்டு, காடு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. வறண்ட இலையுதிர் காடு என்று நாம் வழக்கமாக அழைக்கும் இந்நிலத்தின் பெரும்பகுதி, மரங்களுக்கிடையே வெயில் தரையைத் தொடுவதும் தரையை உயரமான புல் மூடியிருப்பதுமான சவன்னா என்று சூழலியலாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சவன்னாவின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.

கருகிய புல்தூர் ஒன்றைக் கையால் விலக்கிப் பாருங்கள். விரலில் கரி ஒட்டும். ஆனால் பழைய இலையுறைகள் ஒன்றையொன்று இறுகப் பொதிந்திருக்கும் அடிப்பகுதி, உள்ளே வெளிறிய நிறத்தில் ஈரம் மாறாமல் இருக்கும். புல்லின் வளர்முனை அந்த உறைகளுக்குள், தரைமட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ ஒதுங்கியிருக்கிறது. புல்தீ ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை; மண்ணும் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை; அதனால் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே சூடு பெரிதாக இறங்குவதில்லை. விளக்குமாற்றுக்காக மலைவாழ் மக்கள் ஓலை எடுக்கும் சிற்றீச்சையும் இப்படித்தான் தப்புகிறது: ஓலைகள் எரிந்துபோனாலும், மட்டைகளின் அடிகள் நெருக்கமாகச் சூழ்ந்து குருத்தைக் காத்துவிடுகின்றன.

அடுத்த தவறு, சாம்பல் உரமாவதால்தான் புல் பச்சையாக எழுகிறது என்று நம்புவது. சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் மண்ணுக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் எரிந்த இலைகளிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. முதல் துளிருக்கு வேண்டிய உணவு, வேரிலும் தூரின் அடியிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்திலிருந்து வருகிறது. கரும்பு வெட்டிய வயலில் மறுதாம்பு எழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. இந்தச் சேமிப்பை மறந்துவிட்டு, பச்சை தெரிந்த உடனே மாடுகளை ஓட்டிவிடுவது பெருங்கேடு. இருப்பைச் செலவழித்து எழுந்த இலை, அந்த இருப்பை ஈடுசெய்யும் முன்பே மேயப்பட்டால், தூர் இருமுறை இழக்கிறது.

விதைகளே காட்டை மீட்கின்றன என்பதும் வேறு நிலங்களின் கதையை இங்கே பொருத்திப் பார்ப்பதால் வரும் பிழை. தீக்காகக் காத்திருந்து வெடிக்கும் காய்கள் ஆஸ்திரேலியாவின் பாங்சியா என்னும் செடியினத்துக்கும் தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியின் புதர்களுக்கும் உரியவை. சவன்னாவில் மறுதுளிர்ப்பே முதன்மை. ஊசிப்புல்லின் விதை மட்டும் தனியே சொல்லத் தக்கது: அதன் முறுக்கிய வால் ஈரம் பட்டு அவிழ்ந்து, காய்ந்து மீண்டும் முறுக்கிக்கொண்டு, விதையைச் சூடு எட்டாத மண்ணுக்குள் துளைத்து இறக்கிவிடுகிறது.

மரக்கன்றுகளைப் பற்றிய தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. முழங்கால் உயரத்தில் நிற்கும் வெக்காலியையோ வேங்கையையோ பார்த்து, இது சென்ற ஆண்டு முளைத்த கன்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு தீயிலும் தண்டு கருகி, ஒவ்வொரு மழையிலும் வேர்க்கட்டையிலிருந்து புதிதாக எழுந்து, பல ஆண்டுகளைத் தரையோடு தரையாகக் கழித்த செடியாக அது இருக்கக்கூடும். தீயின் நாக்குக்கு மேலே உச்சி எழவும், பட்டை தடித்து உள்ளிருக்கும் உயிர்த்திசுவைக் காக்கவும் சில ஆண்டு இடைவெளி கிடைத்தால், அந்த வேர் ஒரே மூச்சில் அதை மரமாக்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954-இல் தொடங்கிய எரிப்புச் சோதனைத் திடல்களில், நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தரவுகளை ஆராய்ந்தபோது, தீ மரங்களின் எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை என்பதும், அவற்றின் உயரத்தையும் பருமனையுமே மாற்றியிருந்தது என்பதும் தெரியவந்தன. இத்தகைய நிலத்தில் நல்லெண்ணத்தோடு குழி தோண்டி நாற்று நடுகிறவர்கள், தானே எழவிருக்கும் மரத்தின் வேரையும் புல்லின் தூரையும் வெட்டியெறிந்துவிட்டு, அடுத்த தீயைத் தாங்காத ஒரு கன்றை அங்கே வைக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாத் தீயும் நல்லது என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. நீலகிரி வட்டாரத்தில், 1909 முதல் 1921 வரையிலான காலத்தோடு ஒப்பிட, 1989 முதல் 2002 வரை தீ ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி வந்திருப்பதாக ஆய்வு காட்டியிருக்கிறது. இடைவெளி சுருங்கினால் கன்றுகள் தரையை விட்டு எழவே முடியாது. உண்ணிச்செடி (லாண்டானா) என்னும் அயல்நாட்டுப் புதர் மண்டிய இடத்தில் எரியும் தீ, புல்தீயைப் போலத் தாழ்வாக ஓடாமல் கிளைகளுக்கு ஏறுகிறது. மலையுச்சிச் சோலைகளின் மரங்களுக்கோ தீயைத் தாங்கும் பழக்கமே இல்லை. அவற்றைச் சவன்னாவோடு சேர்த்துப் பேசவே கூடாது.

பருவமும் முக்கியம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடியினரான சோலிகர்கள், கோடை முற்றுவதற்கு முன்பே, தரை மட்டத்தில் தணிந்து ஓடும் சருகுத் தீயை இட்டு வந்தார்கள்; அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள். 1974-இல் அம்மலை சரணாலயமான பின் அவ்வழக்கம் தடைப்பட்டது. உண்ணிச்செடி பெருகியதற்கும் நெல்லி மரங்களில் புல்லுருவி மிகுந்ததற்கும் அந்தத் தடையே காரணம் என்று அவர்கள் கூறுகிறார்கள். தீயே கூடாது என்று திட்டமிடுபவர்கள் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது இவர்களிடம்தான்.

கருகிய மரத்தை வெட்ட முடிவெடுக்கும் முன், பட்டையை நகத்தளவு சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அது உயிரோடிருக்கிறது. தெரியாவிட்டாலும் ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்திருப்பது நல்லது, ஏனெனில் மேலே முற்றிலும் காய்ந்த மரங்கள் பல, ஆடி மாதத்தில் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தளிர்களை விட்டிருக்கும்.