அணைத்த பிறகும் எரிந்த எல்ஈடி

இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழுத்தும் கருவியான என்லார்ஜரில் பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்ஈடி போட்டதிலிருந்து தொல்லை. அதே நெகட்டிவ், அதே பத்து விநாடி வெளிச்சம். ஒரு படம் சரியாக வரும், அடுத்தது கறுத்து வரும்.

ஹற்றன் குளிரல்லவா, தாளில் படத்தை வரவைக்கும் மருந்தான டெவலப்பர் இருந்த தட்டைச் சுடுநீரில் வைத்து 20 பாகையில் பிடித்துப் பார்த்தேன். மாற்றமில்லை. கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஸ்டெபிலைசர் போட்டேன். அதுவும் வீண்.

துப்பு தந்தது தாளின் ஓரம். கறுத்த படங்களிலும், தாளைப் பிடித்து வைக்கும் சட்டமான ஈசலின் தகடு மூடிய ஓரம் மட்டும் சுத்த வெள்ளை. அப்படியென்றால் மருந்தில் பிழையில்லை, வெளிச்சம் மேலிருந்துதான் விழுகிறது. அதோடு, ஈசலில் கூடுதல் நேரம் கிடந்த தாள்களே கறுத்திருந்தன.

சிவப்பு விளக்கையும் அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஈசலில் நெகட்டிவின் உருவம் மங்கலாகத் தெரிந்தது! பல்பின் சுவிட்சில் இருந்த சின்ன நியான் விளக்குதான் காரணம். சுவிட்சை அணைத்தாலும் அதன் வழியே துளி கரண்ட் போகும். குண்டு பல்பு அதற்கு எரியாது. எல்ஈடிக்கு அதுவே போதும்.

நியான் இல்லாத, இரண்டு வயரையும் துண்டிக்கும் சுவிட்சைப் போட்டேன். அப்புறம் எல்லாப் படமும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை. எல்ஈடிக்கு மாறுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். தாளைப் பிறகு வெட்டலாம்.