நார்வேயிலிருந்து அமெரிக்கா போன முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1825 ஜூலை 4 அன்று ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டௌராஷன்’ என்ற சிறிய பாய்மரக் கப்பல் 52 பேரோடு கிளம்பியது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கியபோது 53 பேர் இருந்தார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் அதிகமான நார்வேக்காரர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். இல்லினாய், விஸ்கான்சின், ஐயோவா, மினசோட்டா, டகோட்டா என்று மேற்கே மேற்கே நகர்ந்து காடு திருத்தியும் புல்வெளியை உழுதும் குடியேறியவர்கள் இவர்கள்.

இவர்களைப் பற்றிய ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் ‘டிஜிட்டால்ஆர்கிவெட்’ தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அப்படியும் பலர் தவறான குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறை பின்னால் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு ஒரே காரணம்தான்: ஊரைத் தேடாமல் பெயரைத் தேடுவது.

நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் சட்டப்படி கட்டாயமானது 1923இல்தான். அதுவரை கிராமப்புறத்தில் தகப்பன் பெயரே அடையாளம். நம் இனிஷியலைப் போல அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆண்டர்ஸின் மகன் ஓலே என்றால் அவர் ஓலே ஆண்டர்சன். அவருடைய மகன் லார்ஸ் ஓல்சன், மகள் மாரித் ஓல்ஸ்டாத்தர். மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரையே வைத்திருப்பார். ஆகவே நார்வேயில் ‘ஆண்டர்சன் குடும்பம்’ என்று தேடினால் அப்படி ஒரு குடும்பமே கிடைக்காது. ஓலே ஆண்டர்சன்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள்.

சொந்தப் பெயர், தகப்பன் பெயர் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வரும் பண்ணைப் பெயர்தான் உண்மையில் உதவுவது. ஆனால் அது முகவரி மாதிரி. ஓலே ஆண்டர்சன் பாக்கன் பண்ணையில் இருக்கும்வரை ‘பாக்கன்’. லியன் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் ‘லியன்’. அமெரிக்கா போன பிறகு ஒரு சகோதரர் ஆண்டர்சன் என்றும், அடுத்தவர் பாக்கன் என்றும், கடைசிப் பையன் லியன் என்றும் எழுதிக்கொண்டால், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று குடும்பப் பெயரோடு இருப்பார்கள். பெயர் வேறு என்பதற்காக யாரையும் கழித்துவிடாதீர்கள். பாக்கன், லியன், ஹாகன், முவன் போன்ற பண்ணைகள் நார்வே முழுக்க இருப்பதால், பெயர் ஒன்று என்பதற்காக யாரையும் சேர்த்துவிடவும் வேண்டாம்.

பண்ணைப் பெயர் இருந்தால் நிலச் சொந்தக்காரர் என்று நினைப்பதும் தவறு. கப்பலேறியவர்களில் நிறையப் பேர் ஹூஸ்மன்கள். அதாவது, பண்ணைக்காரரின் நிலத்தில் ஓரமாகக் குடியிருந்து, அதற்கு ஈடாகப் பண்ணையில் வேலை செய்தவர்கள். அவர்களும் அந்தப் பண்ணையின் பெயராலேயே அறியப்பட்டார்கள்.

சரி, ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பொறுமை வேண்டும். அமெரிக்க ஆவணங்களை முழுசாகப் பார்க்காமல் நார்வே ஆவணங்களுக்குத் தாவக் கூடாது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் ‘நார்வே’ என்றுதான் இருக்கும், அது போதாது. குடியேறியவர்கள் கட்டிய லுத்தரன் சபைகளின் பதிவேடுகளைத் தேடுங்கள். போதகர்கள் நார்வீஜிய மொழியிலேயே எழுதிய அந்தப் பக்கங்களில், சொந்த ஊர் எந்தச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் தேவாலய வட்டாரம்) என்பது பல நேரங்களில் இருக்கும். அப்புறம் கல்லறைக் கற்கள், இரங்கல் செய்திகள், வீட்டுப் பைபிளின் முன்பக்கம்.

பலரும் தொடாமல் விடுவது நிலக் கோப்பு. குடியேறி உழுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவர், ஐந்து வருடம் குடியிருந்து உழுததை நிரூபிக்க வேண்டும், குடியுரிமைக்கான சான்றும் காட்ட வேண்டும். அந்தக் கோப்பில் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் இருக்கும். கூடவே பக்கத்து நிலத்துக்காரர்களின் சாட்சியமும் இருக்கும். அந்தச் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நார்வேக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்ந்தே குடியேறினார்கள். 1839இல் விஸ்கான்சினின் மஸ்கீகோவில் குடியேற்றத்தைத் தொடங்கியவர்கள் நார்வேயில் டெலமார்க்கின் டின் பகுதியிலிருந்து கூட்டமாக வந்தவர்கள். உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும், பக்கத்து நிலத்துக்காரரின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த ‘எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்’ என்ற கதையை நம்ப வேண்டாம். அங்கே அதிகாரிகள் கப்பல் கம்பெனி கொடுத்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். தவிர, எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். அதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். 1850களிலும் 60களிலும் பெரும்பாலோர் இறங்கியது நியூயார்க்கில் அல்ல, கனடாவின் கியூபெக்கில். கியூபெக் பயணிகள் பட்டியல் தொடர்ச்சியாகக் கிடைப்பது 1865 முதல்தான். அதற்கு முன் போனவர்களுக்கு, கப்பலைத் தேடி நாளை வீணாக்குவதைவிட, ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்களைப் போதகர் எழுதி வைத்த பட்டியலைப் பாருங்கள். தேவாலயப் பதிவேட்டிலேயே அதற்குத் தனிப் பகுதி உண்டு.

நார்வேயின் 1865 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு பண்ணையின் பக்கத்தைத் திறந்தால், வீட்டில் யார் யார், உறவு, தொழில், வயது, பிறந்த சேகரம் என்று வரிசையாக இருக்கும். கூடவே எத்தனை மாடு, எத்தனை ஆடு, எவ்வளவு பார்லி விதைத்தார்கள், எவ்வளவு உருளைக்கிழங்கு நட்டார்கள் என்பதும் இருக்கும். ஒரு குடும்பம் ஏன் கிளம்பியது என்பதைப் பல சமயம் அந்த எண்களே சொல்லிவிடும். ஆனால் வயதில் கவனம் தேவை. அதில் எழுதியிருப்பது முடிந்த வயது அல்ல, நடக்கும் வயது. கணக்கெடுத்த நாள் டிசம்பர் 31. ஆகவே ‘30’ என்று இருந்தால் பிறந்த வருடம் 1836. இதைத் தெரியாமல் 1835இன் ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டினால் வேறு வீட்டுக் குழந்தைதான் கிடைக்கும்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் குதிக்காதீர்கள். குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே சாதாரண வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற முறை இருந்ததால், அந்தப் பெயர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். எனவே அடக்கப் பதிவையும் பாருங்கள், பதினைந்து வயதையொட்டி நடந்த திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவையும் பாருங்கள். இரண்டும் பார்த்தால்தான் அமெரிக்கா போனது எந்த ஓலே என்று உறுதியாகும். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானப்பெற்றோர் பெயர்களை விட்டுவிடாதீர்கள். அத்தை, சித்தப்பா, மாமன் என்று முக்கால்வாசி சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள், பண்ணைப் பெயரோடு.

ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. ஓஸ்லோ 1925 வரை கிறிஸ்தியானியா. மாவட்ட எல்லைகளை 2020இல் இணைத்து, சிலவற்றை 2024இல் மறுபடி பிரித்தார்கள். அதனால் இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய சேகரத்தைத் தேடாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களை அப்படியே நகலெடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் செய்த தப்பை நாற்பது பேர் நகலெடுத்திருந்தால் அது நாற்பது சான்று ஆகாது. பண்ணைவாரியாகக் குடும்பங்களைத் தொகுத்த ‘பிக்டெபோக்’ என்ற ஊர் வரலாற்று நூல்கள் எவ்வளவோ மேல். அவற்றையும் மூலப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. போனவர் எல்லாரும் அங்கேயே இருந்துவிடவில்லை. அமெரிக்க ஆவணங்களில் ஒரு சகோதரர் திடீரென்று காணாமல் போனால் உடனே ‘இறந்திருக்கலாம்’ என்று எழுதிவிடாதீர்கள். நார்வேயின் 1910 கணக்கெடுப்பில், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களிடம் எப்போது போனார்கள், அங்கே கடைசியாக எங்கே இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எப்போது திரும்பினார்கள் என்று தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவருடைய பழைய சேகரத்தின் பக்கங்களை அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.